டிஸ்சார்ஜ் புக்கில் ஆயாவின் பெயர்

பட்டாளத்துக்காரர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டில் திறக்கப்படுவது டிரங்குப் பெட்டி. கறுப்பு வண்ணம் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் பெயரும் எழுதிய இரும்புப் பெட்டி. உள்ளே இருக்கும் காகிதங்களை அப்படியே ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மகனோ மருமகளோ என் கடைக்கு வருவார்கள். பின்னால் அந்த அம்மா நிற்பார். "இதுல எது வேணுமோ பாத்து எடுத்துக்கம்மா" என்று பையை மேசைமேல் வைப்பார்கள். நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் எழுதியிருக்கும் பக்கம். அதைப் பார்த்துவிட்டால் இந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மூன்று மாதத்தில் வருமா, மூன்று வருடம் இழுக்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வேலூருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர்ப்பலகையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்றுதான் இருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் முன்னாள் ராணுவத்தினர், இல்லையென்றால் அவர்கள் வீட்டுப் பெண்கள். இந்தப் பக்கத்தில் அதில் அதிசயம் இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் வட்டாரம் இது. பென்ஷன் ஆணையில் பெயர் திருத்துவது, மனைவி பிள்ளைகளைப் பதிவில் சேர்ப்பது, இறப்பைத் தெரிவித்துக் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதுவது ஆகியவைதான் என் பிழைப்பு. இதற்கென்று படிப்பு ஏதும் கிடையாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா. மெட்ராஸ் சாப்பர் படையில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், 2023-இல் காலமானார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தொழிலைப் பற்றித்தான் கை எழுதுகிறது.

தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தது 1957-இல். வீட்டில் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் நிலக்கடலை, இல்லாவிட்டால் கடன். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர்ப் பையன்களோடு வேலூருக்கு நடந்தே போயிருக்கிறார். உயரம் பார்த்தார்கள், மார்பு அளந்தார்கள், ஓடவிட்டார்கள். பிறந்த தேதி கேட்டபோதுதான் திணறல். பள்ளிக்கூடச் சான்று இல்லை. "மல்லாட்டை புடுங்குற சமயம்னு எங்கம்மா சொல்லும்" என்றாராம். ஆளைப் பார்த்து மதிப்பாக ஒரு தேதி எழுதினார்கள். அக்காவின் கல்யாண வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அவர் பிறந்தது 1938. பதிவானது 1940. அந்த இரண்டு வருடம் அறுபது வருடம் கழித்து வேறொரு வேடத்தில் வந்தது.

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்பது அதன் முறையான பெயர். 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு பயனீர் கம்பெனிகளைத் திரட்டியதிலிருந்து அதன் சரித்திரம் தொடங்குகிறது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. சண்டைக்குப் போகும் படைக்கு முன்னால் போய் வழி செய்துகொடுக்க வேண்டும். வீரர்களை அதிகாரிகள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் படைக்கே அது பெயராக நிலைத்துவிட்டது. சாப்பருக்குத் துப்பாக்கியோடு ஒரு கைத்தொழிலும் உண்டு. தாத்தாவுக்குத் தச்சு வேலை. இழைப்புளி பிடிக்கவும் இந்தி பேசவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். இந்தியை அவர் கடைசிவரை வட ஆர்க்காட்டு ராகத்தில்தான் பேசினார்.

அந்தப் படையில் ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போனார். ஒருவர் காலடியில் வெடி கிளம்பியது. மற்றவர்களைக் காப்பாற்ற அதன்மேல் தாமே விழுந்து உயிரை விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். தாத்தா இந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போது வீரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "அவரு பொஞ்சாதி இங்க காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்துச்சி. அத்தச் சொல்ல ஆளில்ல" என்பார். யார் செத்தாலும் அவர் நினைப்பு முதலில் வீட்டில் இருப்பவர்களிடம்தான் போகும்.

1971 டிசம்பர் அவர் வாழ்க்கையில் பெரிய மாதம். 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டோடு மேற்கு முனையில் ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றைக் கடந்து டாங்குகள் போக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணிவெடி. 15-ஆம் தேதி இரவு சாப்பர்கள் இறங்கினார்கள். வேலை பாதி முடிந்திருந்தபோதே, எதிரி டாங்குகள் அசைகின்றன என்று செய்தி வர, நம் பூனா ஹார்ஸ் டாங்குகள் மீதி வெடிகளின் ஊடாகவே போய்விட்டன. மறுநாள் அந்தச் சண்டையில்தான் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். 17-ஆம் தேதி சண்டை நின்றது. அந்த டிசம்பரில் தாத்தாவின் ரெஜிமென்ட்டில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி கண்ணிவெடி வயலில் வேலையில் இருந்தபோதே இறந்தார். மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். "சௌத்ரி சாப்" என்ற பெயர் வந்தால் தாத்தா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார்.

பசந்தர் ஆற்றில் அந்த இரவு என்ன நடந்தது என்று அவர் சொன்னதே இல்லை. ஆனால் வேலை எப்படி என்பதைச் செய்தே காட்டியிருக்கிறார். ஒரு கோடை விடுமுறையில் பாலாற்று மணலில், பிய்ந்துபோன ஒரு குடையின் கம்பியை எடுத்துக்கொண்டு எங்களை அழைத்துப் போனார். அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மணலில் புதைத்து, மேலே தடவிச் சமமாக்கி, "எடுங்கடா பாக்கலாம்" என்றார். அண்ணன் கம்பியை நேராகக் குத்தினான். 'டக்'கென்று தட்டின் முதுகில் பட்டது. "போச்சி. நீ இல்ல இப்ப" என்றார் தாத்தா. பிறகு மணலில் குப்புறப் படுத்தார். முழங்கையை ஊன்றி, கம்பியைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தார். 30 டிகிரி, அதற்கு மேல் தூக்கக் கூடாது. மெல்ல உள்ளே விட்டு, எதிலும் படாவிட்டால் வெளியே எடுத்து, நாலு விரல் தள்ளி மறுபடி. வெடியின் மேல்மூடிதான் அழுத்தத்துக்கு வெடிக்கும். விலாவில் தொட்டால் சும்மா கிடக்கும். கம்பி எதிலோ தட்டியதும் கையை நிறுத்தினார். விரலால் பக்கத்து மணலை வழித்து வழித்துத் தட்டின் விளிம்பைக் காட்டினார். டாங்குக்கு வைத்த வெடிமேல் ஆள் ஏறினால் வெடிக்காது, கனம் போதாது. ஆளுக்கு வைத்தது சில கிலோ பட்டாலே போதும். இரண்டையும் கலந்துதான் புதைத்திருப்பார்கள். இரும்பே இல்லாத வெடியும் உண்டு. அதைக் கருவி காட்டாது, கைதான் கண்டுபிடிக்க வேண்டும். எடுத்து முடித்த வழியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை நாடா கட்டினால்தான் பின்னால் வருகிறவனுக்கு அது பாதை.

வளர்ந்த பிறகு ஒரு நாள், "நாம பண்ற மனு வேலையும் அந்த மாதிரிதான் தாத்தா, பாத்துப் பாத்துத் தொடணும்" என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க தப்பினா கால் போவும். இங்க தப்பினா மனு திரும்பி வரும், மறுபடி போடலாம். ரெண்டும் ஒண்ணுன்னு இனிமே சொல்லாத" என்றார். நான் சொன்னதில்லை.

1981-இல் ஊருக்கு வந்தார். கூடத்தில் இழைப்புளியும் உளியும் வைத்துக் கதவு, சன்னல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். மனு எழுதும் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஊரில் இங்கிலீஷில் நாலு வரி எழுதத் தெரிந்த, படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் என்றால் என்ன என்று தெரிந்த ஆள் அவர்தான். முதலில் வந்தவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போன கிழவர்கள். பர்மாவுக்கும் இத்தாலிக்கும் போய்த் திரும்பி, சண்டை முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டவர்கள். பென்ஷனுக்குச் சிப்பாயாக 15 வருடம் வேண்டும். இவர்களுக்கு நாலு, ஐந்து வருடம்தான். அவர்களுக்கு மாநில அரசு தரும் மாதாந்திர உதவித்தொகைக்கு எழுதுவதில்தான் தாத்தாவின் மேசை வேலை ஆரம்பித்தது. பதக்கம் இருக்கும், காகிதம் இருக்காது. கூரை ஒழுகி, கரையான் அரித்து, புத்தகம் போயிருக்கும்.

எங்கள் பக்கத்துப் பல ஊர்களில் முதல் உலகப் போரின் நினைவாக ஒரு சின்னக் கல் பதித்திருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் தாத்தா சொல்வது ஒன்றுதான். "எண்ணி எழுதினான். பேர எழுதல." போனவர்களின் பேரன்களுக்கே இன்று அந்தப் பெயர்கள் தெரியாது. காகிதத்தில் பெயர் ஏறவேண்டும், சரியாக ஏறவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மனு எழுத அவர் வைத்திருந்த முறை கறாரானது. முதல் வரியில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், ரெஜிமென்ட். எண் இல்லாத மனுவை யாரும் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. ஒரு மனுவில் ஒரே வேண்டுகோள்; இரண்டு கேட்டால் சுலபமானதற்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அசலை அனுப்பக் கூடாது; சான்றொப்பம் வாங்கிய நகல்தான். பதிவுத் தபாலில் போக வேண்டும், ஒப்புகை அட்டை திரும்பி வரவேண்டும். கண்ணீர்க் கதை கூடாது. "நான் ஏழை, நாதியற்றவள் என்று எழுதுய்யா" என்று யாராவது சொன்னால், "அழுகையை அந்த கிளார்க்கு எங்கம்மா பதிவான்? தேதியச் சொல்லு" என்பார். கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் தேதி எழுதிய மனுவுக்குத்தான் பதில் வந்தது.

தன் கையால் பலா மரத்தில் மூன்று தட்டு வைத்த அலமாரி ஒன்று செய்திருந்தார். மேல் தட்டு அனுப்பியது. நடுத்தட்டு பதில் வந்தது. கீழ்த்தட்டு பதில் வராதது. காலையில் காபி குடித்ததும் கீழ்த்தட்டைத்தான் முதலில் பார்ப்பார். மூன்று மாதம் தாண்டியது எதுவாக இருந்தாலும் அன்றே நினைவூட்டுக் கடிதம் போகும். அந்த அலமாரி இப்போது என் கடையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் கீழ்த்தட்டு காலியானதில்லை.

அவருக்குக் கண்புரை வந்து எழுத்து தடுமாறியபோது நான் ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்ல நான் எழுதினேன். எழுத எழுத ஒன்று புரிந்தது: வரும் சிக்கல்களில் முக்கால்வாசி பெயர்ச் சிக்கல். நமக்குத் தலைப்பெழுத்து ஒன்று, பெயர் ஒன்று. பட்டாளத்துப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கட்டங்கள். அப்பா பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராகிவிடும், ஊர்ப் பெயர் இன்னொருவருக்குச் சொந்தப் பெயராகிவிடும். மனைவியின் பெயர் இன்னும் மோசம். லட்சுமி என்று ரேஷன் கார்டில், லெச்சுமி அம்மாள் என்று டிஸ்சார்ஜ் புக்கில், இலட்சுமி என்று வாக்காளர் பட்டியலில். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு எழுத்து. ஊருக்கு இவர் ஒருத்திதான் என்று தெரியும். காகிதத்துக்கு மூன்று பெண்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயரே இல்லாதது. பதினெட்டு வயதில் சேருகிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. நெருங்கிய உறவு என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதுவான். பிறகு லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்புவான். யூனிட்டில் சொல்லி, 'பார்ட் டூ ஆர்டர்' என்று சொல்லப்படும் ஆணையில் கல்யாணத்தை ஏற்ற வேண்டும். பிள்ளை பிறந்தாலும் அப்படியே. சிலர் மறந்துவிடுவார்கள், சிலர் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். முப்பது வருடம் கழித்து அவர் இறந்துபோனால், பதிவில் இருப்பது என்றைக்கோ இறந்துபோன அம்மா மட்டும்.

அப்படி ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஓர் அலுவலகத்தில், "நீதான் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தாத்தா பையைக் கொட்டிப் பார்த்தார்; ஒன்றும் தேறவில்லை. "அவரு உனக்குக் கடுதாசி போடுவாராம்மா?" என்று கேட்டார். "போடுவாரு. பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சிக் காட்டும்" என்றவர், மறுநாள் ஒரு துணி முடிச்சோடு வந்தார். நீல இன்லாண்ட் கடிதங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அனுப்புநர் இடத்தில் சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட், '56 ஏ.பி.ஓ.'. முன்னால் பெறுநர் இடத்தில் இந்த அம்மாவின் பெயர், இன்னாரின் மனைவி என்று. தபால் முத்திரையில் தேதி. மணியார்டர் துண்டுகளும் இருந்தன, ஓரத்தில் இரண்டு வரி, "தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொள்." மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை அவர் அண்ணன் வீட்டுப் பரணில் கிடைத்தது. வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், இந்தக் கடித நகல்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினோம். கேள்வி வந்தது, பதில் போட்டோம். மறுபடி கேள்வி, மறுபடி பதில். கடைசியில் ஆணை வந்தது. அன்று அந்த அம்மா தாத்தாவின் காலில் விழப் போனார். தாத்தா பதறிப்போய் எழுந்து நின்று, "கடுதாசி எல்லாம் பத்திரமா வச்சிருந்தது நீம்மா" என்றார்.

வீட்டில் அவர் எப்படி என்றும் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். ஐந்து மணிக்கு முகச்சவரம், ஞாயிற்றுக்கிழமையும் விலக்கில்லை. கேன்டீனிலிருந்து வரும் பிஸ்கட்டையும் சோப்பையும் பேரப்பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடுவார். ஒரு பிஸ்கட் மிஞ்சினால் உடைத்துத் தருவார். நான் பத்தாவது படித்தபோது டியூஷன் முடிந்து வர இரவு எட்டாகும். டார்ச் லைட்டோடு புளியமரத்தடியில் நிற்பார். பெண்பிள்ளையை எதற்கு இவ்வளவு படிக்க வைக்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு, "படிக்காத பொம்பளைங்க மனுவத்தான் நான் எழுதிக்கினு இருக்கேன்" என்று பதில் சொன்னவர். பதக்கங்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தன. 65-க்கு ரக்ஷா மெடல், 71-க்கு சங்ராம் மெடலும் பஸ்சிமி ஸ்டாரும், சுதந்திர வெள்ளிவிழாவுக்கு ஒன்று. சின்ன வயதில் நாங்கள் அவற்றை வைத்து விளையாடுவோம். அதட்டமாட்டார். டிஸ்சார்ஜ் புக்கைத் தொட்டால் மட்டும் அடி விழும்.

எங்கள் பாட்டியை ஆயா என்போம். ஆயாவின் பெயரும் அந்தப் புத்தகத்தில் தப்பாகத்தான் இருந்தது. ஒரு எழுத்து குறைவு. பிறந்த தேதி இடம் காலி. ஊரில் எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருந்தவர், தனக்காகவும் பெங்களூர் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினார். ஆயாவுக்கு அது வேடிக்கை. "எம்பேரு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பெங்களூருக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்பார். தாத்தா விடவில்லை. ஆயாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் இருவருமாகப் படம் எடுத்தார். ஆயாவின் பிறப்புக்கு ஆதாரம் தேடி அவர் பிறந்த ஊருக்கே போய், பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேட்டில், இரண்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண்பிள்ளையின் பெயரையும் தேதியையும் கண்டுபிடித்துச் சான்று வாங்கி வந்தார். வங்கிக் கணக்கையும் இருவர் பெயரில், இருவரில் யார் இருந்தாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றினார். திருத்திய ஆணை வந்த அன்று அதை ஆயாவிடம் கொடுத்து, "இந்தா, நீ இப்பதான் எம்பொஞ்சாதி" என்றார். ஆயா வெட்கப்பட்டு உள்ளே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தன் பிறந்த தேதியை மட்டும் அவர் திருத்த முயலவில்லை. 80 வயது முடிந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறைத் தொட்டால் இன்னொரு முழுப் பென்ஷன். உண்மை வயதுப்படி 2018-இல் வரவேண்டிய கூடுதல், பதிவுப்படி 2020-இல்தான் வந்தது. எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அந்தத் தேதிய வச்சித்தான் வேலைக்கு எடுத்தான். அந்தத் தேதிய வச்சித்தான் வீட்டுக்கு அனுப்பினான். ரெண்டுக்கும் ஒத்துக்கினு, பணத்துக்கு மட்டும் வேற தேதி சொல்லக் கூடாது" என்றார். கணக்குப் போட்டால் நஷ்டம்தான். அவர் கணக்கு வேறு.

2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' நடைமுறைக்கு வந்தபோதும், 2021-க்குப் பிறகு வங்கிகளிலிருந்த பென்ஷன் படிப்படியாக 'ஸ்பர்ஷ்' இணையதளத்துக்கு மாறியபோதும், என் கடையில் கூட்டம் நெரிந்தது. பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து நேராகக் கணக்கில் பணம் வரும் முறை நல்ல முறைதான். ஆனால் ஆதாரில் ஒரு பெயர், ஆணையில் ஒரு பெயர் என்றால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. முன்பு வங்கியில் முகம் தெரிந்த ஒருவர், "நம்ம பெரியவர்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். இப்போது முகத்துக்கு மதிப்பில்லை, எழுத்துக்குத்தான். தாத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் புத்தகத்தை வாங்கி, மனைவி பெயர் உள்ள பக்கத்தை மடித்து உள்ளே அனுப்புவார். கண் சரியாகத் தெரியாத காலத்திலும் அந்தப் பக்கம் எங்கே என்று அவர் கைக்குத் தெரியும்.

2023-இல் ஒரு மார்கழி விடியலில் தூக்கத்திலேயே போனார். மூவண்ணக் கொடி கொண்டுவந்து போர்த்தினார்கள் ஊரிலிருந்த முன்னாள் வீரர்கள். ஒருவர் நடுங்கும் கையால் சல்யூட் வைத்தார். காரியம் முடிந்ததும் நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே ஒரு உறை. உள்ளே டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, திருத்திய ஆணை, இருவரும் இருக்கும் படம், ஆதார், பான், வங்கிப் புத்தக நகல்கள், என் கையெழுத்தில் அவர் சொல்லி எழுதவைத்த மனு. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. நான் தேதியை நிரப்பி, இறப்புச் சான்று வந்ததும் பதிவேற்றினேன். ஒரு கேள்வியும் திரும்பி வரவில்லை. ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கில் வரத் தொடங்கியது. கடைசிச் சம்பளத்தில் தாத்தாவுக்கு 50 சதவீதம் என்றால் ஆயாவுக்கு 30. ஆயாவுக்கு 80 ஆகும்போது அவர் பங்குக்கும் 20 சதவீதம் கூடும். பிறந்த தேதி பதிவில் இருப்பதால் அதற்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பட்டாளத்துப் பெரியவர் யாராவது இருந்தால், அவர் நன்றாக இருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரோடு உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புக்கிலும் பென்ஷன் ஆணையிலும் ஆதாரிலும் மனைவியின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? மனைவி பிறந்த தேதி எழுதியிருக்கிறதா? பென்ஷன் வரும் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா? சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. விதவையான, விவாகரத்தான, திருமணமாகாத மகளுக்கும் நிபந்தனைகளோடு உண்டு. அவர்கள் பெயர் பதிவில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் சர்வீஸ் நம்பரை முதல் வரியில் போட்டு, ஒரு மனுவுக்கு ஒரு வேண்டுகோளாக, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே வழி சொல்வார்கள். அவர் கையெழுத்துப் போட இருக்கும்வரை இது ஒரு சின்ன வேலை. அவர் போன பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா தன் கல்யாணத்தைத் தானே நிரூபிக்க வேண்டிய வேலை.